விளையாடினால் மட்டும் பௌதிகவியல் வந்துவிடுமா?

தரம் 10 பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒரு பந்தை நேர்மேலே எறிகிறோம். அது கையை விட்டுப்போய் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கிறது. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்கவேண்டாம். இப்போது பந்தைத் தாக்கும் விசைகள் எவை? பெரும்பாலானவர்கள், மேல்நோக்கி ஒரு விசை, கீழ்நோக்கிப் புவியீர்ப்பு என்று இரண்டு அம்புக்குறி போடுவார்கள். மேல் விசை மெல்ல மெல்லக் குறைகிறது, உச்சியில் இரண்டும் சமனாகிறது, பிறகு பந்து இறங்குகிறது என்று விளக்கமும் வரும். கை விட்ட கணத்திலிருந்து மேல்நோக்கி எந்த விசையும் கிடையாது என்பதுதான் சரியான விடை. இருப்பது ஈர்ப்பு ஒன்றுதான். பந்திடம் மேல்நோக்கிய வேகம் இருக்கிறது; அதைத்தான் பிள்ளைகள் விசை என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இதை வட இலங்கையின் வன்னிப் பிள்ளைகளின் குறை என்று யாரும் நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் பொறியியல் படிக்க வந்த மாணவர்களிடம் ஜோன் கிளமென்ற் என்ற ஆய்வாளர் மேலே சுண்டிய நாணயத்தைப் பற்றி இதையே கேட்டு, இதே பிழையான விடையை வாங்கி, 1982இல் கட்டுரையாக எழுதினார். பௌதிகப் பாடம் முடித்தவர்களில் பலரும் அதையே சொன்னார்கள்.

வியப்பு என்னவென்றால், கொப்பியில் பிழையாக அம்புக்குறி போடுகிற அதே பெடியன் மாலையில் மைதானத்தில் உயரப் போன பந்தைப் பின்னோக்கி ஓடிப் பிடிக்கிறான். எங்கே விழும், எப்போது விழும் என்பது அவனுடைய காலுக்கும் கைக்கும் தெரியும். கைக்குத் தெரிந்தது கொப்பிக்கு வந்து சேர்வதில்லை. விளையாட்டைக் கொண்டு பௌதிகவியல் படிப்பிப்பதென்றால், இந்த இடைவெளியில்தான் வேலை செய்யவேண்டும்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும். ‘விளையாட்டு முறைக் கற்பித்தல்’ என்ற பெயரில் இன்று பெரும்பாலும் நடப்பது வினாவிடைப் போட்டி. வகுப்பை நாலு குழுவாக்கி, நியூட்டனின் இரண்டாம் விதியை யார் முதலில் சொல்கிறீர்கள் என்று கேட்டுப் புள்ளி போடுவது. கைத்தொலைபேசியில் நட்சத்திரம் கொட்டும் வினாவிடைச் செயலிகளும் இந்த வகைதான். பிள்ளைகள் உற்சாகமாக இருப்பார்கள், பாடமாக்கியது நினைவில் நிற்கவும் உதவும். ஆனால் அதில் பௌதிகம் எதுவும் இல்லை. வரலாற்றுப் பாடத்துக்கும் அதே போட்டியை அப்படியே வைக்கலாம். விளையாட்டின் உள்ளேயே பௌதிகம் ஓடவேண்டும். விதி தெரியாதவன் தோற்கவேண்டும், தெரிந்தவன் வெல்லவேண்டும்.

அப்படிப்பட்ட விளையாட்டாக இருந்தாலும் சும்மா விளையாடவிட்டால் போதாது. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மசூரின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குப் பொருந்தும். அவர்கள் பார்த்தது விரிவுரையில் செய்துகாட்டும் பரிசோதனைகளை. பரிசோதனையை வெறுமனே பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்காத மாணவர்களைவிடப் பெரிதாக எதையும் விளங்கிக்கொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பார்த்தவர்களிடம்தான் முன்னேற்றம் தெரிந்தது. விளையாட்டுக்கும் இதுவே பொருந்தும் என்பது என் எண்ணம். முதலில் ஒவ்வொருவரும் கொப்பியில் தன் ஊகத்தை எழுதவேண்டும். பிறகு விளையாடவேண்டும். ஊகம் பிழைத்த பிறகு வருகிற வாக்குவாதம்தான் பாடம். ஆசிரியர் விடையை அவசரப்பட்டுச் சொன்னால் அந்த வாக்குவாதம் செத்துப்போகும்.

போளையை எடுத்துக்கொள்வோம். கண்ணாடிப் போளையை நடுவிரலில் வைத்து, மற்றக் கையால் விரலைப் பின்னுக்கு வளைத்துச் சுண்டுகிறோம். அது காற்றில் பறந்துபோய், நிலத்தில் கிடக்கிற அதே அளவுப் போளையை நேராக அடிக்கிறது. நன்றாகப் பட்டால் அடித்த போளை அந்த இடத்திலேயே நின்றுவிடும், அடிபட்டது பறக்கும். இந்த அடியைப் போடத் தெரிந்தவனுக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டு. சமமான திணிவுள்ள இரண்டு பொருள்கள் நேருக்குநேர் மோதும்போது, மீள்தன்மை நன்றாக இருந்தால் (மோதலில் சக்தி வீணாகாவிட்டால்), முதலாவது தன் உந்தம் (திணிவு, வேகம் இரண்டின் பெருக்கம்) முழுவதையும் இரண்டாவதிடம் கொடுத்துவிடுகிறது. பாடப்புத்தகம் இந்த இடத்தில் முடித்துக்கொள்ளும்.

வகுப்பறைச் சீமெந்துத் தரையில் இதைக் கொஞ்சம் மாற்றிச் செய்யலாம். சுண்டாமல் போளையை உருட்டிவிட்டு இன்னொன்றை அடிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் கேளுங்கள்: அடித்த போளை நிற்குமா, பின்னால் வருமா, தொடர்ந்து போகுமா? சுண்டி அடித்த அனுபவத்தில் எல்லோரும் ‘நிற்கும்’ என்று எழுதுவார்கள். போளை ஒரு கணம் நின்றதுபோல் தோன்றிவிட்டு, பிறகு மெதுவாக முன்னால் உருண்டுபோகும்.

ஏன்? உருண்டு வந்த போளையிடம் இரண்டு இயக்கம் இருக்கிறது: முன்னால் போவது ஒன்று, தன்னைத்தானே சுற்றுவது ஒன்று. மோதலில் முன்னால் போகும் இயக்கம் அடுத்த போளைக்குப் போய்விடுகிறது. சுற்றுவது போகவில்லை. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் இடையில் உராய்வு மிகக் குறைவு, தொட்டுக்கொண்டிருக்கிற நேரமும் குறைவு. சுற்றைத் தடுக்க ஆளில்லை. ஆகவே நின்ற இடத்திலேயே சுற்றுகிற போளையைத் தரையின் உராய்வு பிடித்து முன்னால் தள்ளுகிறது. கணக்குப் போட்டால், முன்பிருந்த வேகத்தில் ஏழில் இரண்டு பங்கோடு அது மறுபடி உருளத் தொடங்கும். அடிபட்ட போளைக்கோ தொடக்கத்தில் சுற்றே இல்லை. அது வழுக்கிப் போய், தரை உராய்வால் சுற்றத் தொடங்கி, ஏழில் ஐந்து பங்கு வேகத்தில் முடியும். தரம் 10க்கு இந்தப் பின்னங்கள் தேவையில்லை. உயர்தரத்தில் சுழற்சி இயக்கம் படிக்கிற பிள்ளைக்கோ இது அருமையான கணக்கு. உராய்வு என்றால் இயக்கத்துக்கு எதிரி என்று மனதில் பதிந்துபோன பிள்ளைக்கு, உராய்வே ஒரு பொருளை முன்னால் தள்ளுவதைக் கண்ணால் காட்ட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

மணலில் இது எடுபடாது. ஓரிரு அங்குலத்திலேயே எல்லாம் நின்றுவிடும். அதையும் கேள்வியாக்கலாம்.

அடுத்த விளையாட்டின் வேர் ஒரு கணினி விளையாட்டில் இருக்கிறது. அன்ட்ரியா டிசெஸா என்ற ஆய்வாளர் சிறுவர்களுக்குத் திரையில் ஓர் ஆமையைக் கொடுத்தார். அந்த ஆமை நியூட்டனின் விதிப்படி மட்டுமே நகரும், உராய்வு கிடையாது. அதை ஒரு பக்கம் ‘உதைத்தால்’ ஏற்கனவே இருந்த வேகத்தோடு புது வேகமும் சேரும். இலக்கில் போய் முட்டவேண்டும், அவ்வளவுதான். மேல்நோக்கிப் போய்க்கொண்டிருக்கிற ஆமை இலக்குக்கு நேரே வந்ததும், பிள்ளைகள் பக்கவாட்டில் ஓர் உதை கொடுத்தார்கள். ஆமை பக்கவாட்டில் போகாமல் சரிவாகப் போய்விட்டது. திரும்பத் திரும்ப இதே பிழை. பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்த மாணவி ஒருவரும் அதே வழியில் யோசித்ததை அவர் 1982இல் வெளிவந்த ஆய்வில் பதிவுசெய்திருக்கிறார்.

இதற்குக் கணினி தேவையில்லை. ஒரு உதைபந்தும் தடியும் போதும். ஒருவர் பந்தை நேராக உருட்டிவிடவேண்டும். இன்னொருவர் குறித்த கோட்டுக்கு வந்ததும் பக்கவாட்டில் தட்டி, அந்தக் கோட்டிலேயே தள்ளி நட்டிருக்கிற கம்பில் பட வைக்கவேண்டும். கம்புக்கு நேரே தட்டுபவர்கள் எல்லோரும் தவறவிடுவார்கள். பந்து கம்பைத் தாண்டி முன்னால் போய்விடும். பழைய வேகம் எங்கேயும் போகவில்லை என்று உணர்ந்தவன்தான் கொஞ்சம் பின்நோக்கிச் சரித்துத் தட்டுவான். நாலைந்து தரம் தட்டியபின் எல்லோருக்கும் கை பழகிவிடும். அங்கே நிறுத்தி, ஏன் பின்நோக்கித் தட்டினாய் என்று கேட்டு வரைபடம் போடச் சொல்லவேண்டும். கை பழகியதோடு விட்டால் நல்ல உதைபந்தாட்டக்காரன் கிடைப்பான். காவிக்கூட்டலுக்கான, அதாவது அளவோடு திசையையும் சேர்த்துக் கூட்டுவதற்கான, அடித்தளம் கிடைக்காது.

கயிறிழுத்தல் இல்லாத இல்ல மெய்வல்லுநர் போட்டி எங்கே இருக்கிறது? வென்ற அணி கயிற்றைக் கூடிய விசையோடு இழுத்தது, தோற்ற அணி குறைந்த விசையோடு இழுத்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆய்வுகூடத்தில் இரண்டு விற்றராசு (சுருள்வில் தராசு) இருந்தால் கொக்கியோடு கொக்கி மாட்டி, வகுப்பின் பலசாலி ஒரு பக்கமும் சின்னப் பிள்ளை மறுபக்கமுமாக மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். தராசின் எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். இரண்டும் ஒரே வாசிப்பைக் காட்டும். யார் எப்படி இழுத்தாலும் அப்படித்தான். மூன்றாம் விதியைப் பாடமாக்கிய பிள்ளைகூட இதை ஒருமுறை பார்க்கும்வரை நம்பாது.

அப்படியென்றால் வெல்வது யார்? நிலத்தைக் காலால் கூடுதலாகப் பின்னுக்குத் தள்ள முடிந்தவர். பலசாலியை வெறும் உரப்பையொன்றை விரித்து அதன்மேல் நிற்கச் சொல்லிவிட்டு, எதிரே சிறிய பிள்ளையை வெறுங்காலோடு புல்தரையில் நிறுத்துங்கள். முடிவைப் பார்த்து வகுப்பு ஆரவாரிக்கும். கயிறிழுத்தல் 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கில் இருந்த போட்டி. 1908இல் லண்டனில் லிவர்பூல் பொலிஸ் அணி கனமான சப்பாத்துகளோடு இறங்கியதை எதிர்த்து அமெரிக்க அணி முறையிட்டது. முறையீடு எடுபடவில்லை, அமெரிக்கர்கள் விலகிக்கொண்டார்கள். சண்டை முழுக்க உராய்வுக் குணகத்தைப் பற்றியது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் பிறகு மறக்கமாட்டார்கள். இன்றைய போட்டிகளில் அணிகளை மொத்த நிறைப்படி பிரிப்பதற்கும் இதுதான் காரணம்: நிறை கூடினால் நிலம் மேல்நோக்கித் தாங்கும் விசையான செவ்வன் மறுதாக்கம் கூடும், கால் வழுக்குமுன் கிடைக்கும் உச்ச உராய்வான எல்லை உராய்வும் கூடும்.

ஐப்பசி பிறந்தால் வன்னியில் மைதானத்தை மறந்துவிடவேண்டியதுதான். சேறும் தண்ணீருமாக இருக்கும். அப்போது கரம் பலகையை வகுப்புக்குள் கொண்டுவரலாம். பவுடர் போட்ட பலகையில் உராய்வு குறைவு, காய்கள் உருளாமல் வழுக்குகின்றன. போளையில் இருந்த சுழற்சிச் சிக்கல் பெரும்பாலும் இங்கே இல்லை. காயால் காயை நேராக அடித்தால் அடித்தது நிற்கும். ஸ்ரைக்கரால் அடித்தால் ஸ்ரைக்கர் நிற்காது, பின்தொடர்ந்து போகும். போட்டி விதிப்படி ஸ்ரைக்கர் 15 கிராம்வரை இருக்கலாம், காய் 5 கிராமுக்குச் சற்றுக் கூட. ஏறக்குறைய மூன்று மடங்கு. இங்கே கேட்கவேண்டிய கேள்வி: அடிபட்ட காய், அடித்த ஸ்ரைக்கரைவிட வேகமாகப் போக முடியுமா? ‘முடியாது, கொடுத்ததைவிடக் கூட எப்படி வரும்?’ என்று அடித்துச் சொல்வார்கள். திணிவு மூன்று மடங்கானால், முழு மீள்தன்மை மோதலில் காய் ஸ்ரைக்கரின் வேகத்தைப்போல் ஒன்றரை மடங்கில் போகும், ஸ்ரைக்கர் பாதி வேகத்தில் தொடரும். உந்தத்தையும் இயக்கசக்தியையும் தனித்தனியே கூட்டிப் பார்த்தால் இரண்டும் சரியாக வரும். பலகையில் சக்தி இழப்பு இருப்பதால் ஒன்றரையைத் தொடாது. ஆனாலும் காய் முந்துவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மெய்வல்லுநர் போட்டிக் காலத்தில் இன்னும் சில வாய்ப்புகள் வரும். ஓட்டத்தைத் தொடக்கப் பலகை தட்டுபவருக்கும் முடிவுக்கோட்டில் நேரம் எடுப்பவருக்கும் 100 மீற்றர் இடைவெளி. சத்தம் வந்துசேர ஏறக்குறைய 0.3 செக்கன் எடுக்கும். சத்தத்தைக் கேட்டு நேரம் எடுத்தால் ஓடியவருக்கு லாபமா, நட்டமா? இதில் ஒரு சண்டையே நடக்கும். குண்டெறிதல் போட்டியில் 45 பாகையில் எறிந்தால்தான் கூடிய தூரம் போகும் என்று பாடம் சொல்கிறது. உண்மையில் நல்ல வீரர்கள் 40 பாகைக்கும் குறைவாகவே எறிகிறார்கள். குண்டு தோளுக்கும் மேலிருந்து புறப்பட்டு நிலத்தில் விழுகிறது. போதாததற்குக் கையும் மேல்நோக்கித் தள்ளும்போது அவ்வளவு வலுவாக இயங்குவதில்லை.

மாணவன் ஒருவனின் விரல்களுக்கு இடையில் அடிமட்டத்தைப் பிடித்துத் திடீரென்று விடுவது எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு. 20 சென்ரிமீற்றர் விழுந்தபின் பிடித்தால் எதிர்வினை நேரம் 0.2 செக்கன். ரூபாய்த் தாளை நடுவில் விரல் வைத்துப் பிடிக்கச் சொல்லி, பிடித்தால் உனக்கே என்று பந்தயம் கட்டுங்கள். மிஞ்சியிருப்பது ஏழு சென்ரிமீற்றர்தான்; அதைக் கடக்க 0.12 செக்கன் போதும். உங்கள் காசு பத்திரம்.

பம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது சாயாமல் சுற்றுவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆசை, ஆசிரியர்களுக்கும் ஆசை. ஆனால் அதன் விளக்கம் சாதாரண தரத்துக்கு மிகவும் தூரம். அரைகுறையாகச் சொல்வதைவிட விட்டுவிடுவது நல்லது.

கைத்தொலைபேசிக்கு வருவோம். 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது இணையவழி வகுப்புக்கென்று கடன்பட்டும் போன் வாங்கினார்கள். வகுப்பு முடிந்துவிட்டது, போன் வீட்டில் இருக்கிறது, பிள்ளை அதில் விளையாடுகிறது. இந்த விளையாட்டுகளில் பலவற்றில் பௌதிகம் இருக்கிறது, பொய்யும் இருக்கிறது. 2009இல் வந்த அங்ரி பேர்ட்ஸ் பற்றி ரெட் அலெய்ன் என்ற அமெரிக்கப் பௌதிகப் பேராசிரியர் அடுத்த ஆண்டே ஓர் அலசல் எழுதினார். பறவையின் பாதையைப் படம்படமாக அளந்தபோது கிடைப்பக்க வேகம் மாறாமல் இருந்தது, கீழ்நோக்கிய ஆர்முடுகலும் (வேகம் கூடும் வீதமும்) மாறிலி. அது நம் பூமியின் 9.8தான் என்று வைத்துக்கொண்டால் அந்தக் கெற்றப்போல் ஏறக்குறைய 5 மீற்றர் உயரமாக இருக்கவேண்டும் என்று கணித்தார். பனைமரத்தின் பாதி உயரம்கூட வராது, ஆனாலும் கையில் பிடிக்கிற சாமான் இல்லை.

மற்ற விளையாட்டுகளில், குதித்தவன் நடுவானில் திசை மாறுவான், மோதிய வாகனம் உந்தத்தை மறந்துவிடும். பிழையான விளையாட்டைத் தடைசெய்வதைவிட, எந்த இடத்தில் எந்த விதி மீறப்படுகிறது என்று கண்டுபிடித்து எழுதச் சொல்வது பயன்தரும். வீட்டு வேலை என்று சொன்னால் இதை மட்டும் யாரும் செய்யாமல் வரமாட்டார்கள்.

போனின் உண்மையான பெறுமதி கமராவில் இருக்கிறது. சாதாரணமாக அது செக்கனுக்கு 30 படம் எடுக்கும். சுவரில் அளவு குறித்து, பந்தொன்றை விழவிட்டுப் படமெடுத்து, மூன்று படத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு 0.1 செக்கனிலும் விழுந்த தூரம், முந்திய 0.1 செக்கனில் விழுந்ததைவிட ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் கூடிக்கொண்டு போகும். ஆய்வுகூடத்தில் சம நேர இடைவெளியில் புள்ளி குத்தி இயக்கத்தைப் பதிகிற ரிக்கர் நாடா செய்கிற வேலையை இது செய்துவிடுகிறது. உராய்வே இல்லாத உலகம் வேண்டுமென்றால் மைதானத்தில் கிடைக்காது. அதற்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெற் (PhET) என்ற கணினிப் பாவனையாக்கங்கள் இருக்கின்றன. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியவை. இலவசம், ஒருமுறை தரவிறக்கிவிட்டால் இணையமில்லாமலும் ஓடும். சிக்னல் வந்து வந்து போகிற ஊர்களுக்கு அதுதான் முக்கியம்.

இதையெல்லாம் யார் செய்வது என்ற கேள்வி நியாயமானது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எங்கே பார்த்தாலும், உயர்தர விஞ்ஞானப் பிரிவு பெரும்பாலும் நகரப் பாடசாலைகளில்தான் இருக்கிறது. உள்ளூர்ச் சிறிய பாடசாலையில் ஒரே விஞ்ஞான ஆசிரியர் தரம் 6 முதல் 11வரை ஓடவேண்டியிருக்கும். பாடவேளை 40 நிமிடம். அதில் எல்லா அலகையும் விளையாட்டாக்க நினைப்பது வீண்வேலை. தரம் 10இல் இயக்கம், நியூட்டனின் விதிகள், உராய்வு, விசையின் திருப்பம் ஆகிய அலகுகளுக்கு ஒவ்வொரு விளையாட்டு, அதுவும் இரட்டைப் பாடவேளையில், போதும். பிழையான எண்ணம் ஆழமாக வேரூன்றிய இடங்கள் இவைதான்.

பெற்றோர் முறைப்படுவார்கள்: ‘பள்ளிக்கூடத்தில போளை அடிக்கிறீங்களாம்?’ பிள்ளைகளே, இன்று சேர் ஒன்றும் படிப்பிக்கவில்லை என்று வீட்டில் சொல்லக்கூடும். ஹாவார்டில் 2019இல் வெளியான இன்னொரு ஆய்வு இதைத்தான் காட்டியது: தாங்களே செய்து படித்த பௌதிக மாணவர்கள் சோதனையில் கூடிய புள்ளி எடுத்தார்கள், ஆனால் நல்ல விரிவுரையைக் கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாக நம்பினார்கள். விளக்கம் கேட்கும்போது எல்லாம் விளங்கியதுபோல் இருக்கும். தானே யோசிக்கும்போது தலை இடிக்கும். ரியூசன் கொட்டிலில் கிடைக்கிற திருப்தியோடு போட்டிபோடுவது இலகுவில்லை. விளையாடி முடித்த அன்றே கடந்தகால வினாத்தாளிலிருந்து அதே கருத்தில் ஒரு பல்தேர்வு வினாவைக் கொடுத்துவிடுவது நல்ல உபாயம். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் கணக்குத் தெரியும்.

பெண்பிள்ளைகள் ஓரத்தில் நின்று புள்ளி எழுதுகிறவர்களாகிவிடும் ஆபத்தும் உண்டு. போளையும் கெற்றப்போலும் பெடியன்களின் சாமான் என்ற நினைப்பு ஊரில் இருக்கிறது. தனிக்குழுவாகப் பிரித்துக் கொடுத்தால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். இன்னொன்று, நம் மண்ணுக்கே உரிய எச்சரிக்கை: பரிசோதனைக்குச் சாமான் தேடி வாருங்கள் என்று பொதுவாகச் சொல்லவேண்டாம். காட்டோரத்திலும் பாழ்வளவிலும் கிடக்கிற இரும்பைப் பிள்ளைகள் பொறுக்கக்கூடாது. கண்ணிவெடி அகற்றிய இடம் என்றாலும் கூடாது. என்ன கொண்டுவரவேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்: போளை, சொப்பின் பை, கயிறு, அடிமட்டம்.

விளையாட்டுக்கு அடங்காத அலகுகளும் உள்ளன. மின்னோட்டத்துக்கு மின்குமிழும் உலர்மின்கலமும் கையில் வேண்டும்; எலத்திரன்களாக நடிக்கச் சொல்லி வகுப்பைச் சுற்றி ஓடவிடுவதில், மின்னோட்டம் போகப்போகத் தேய்ந்துவிடும் என்ற பிழையான எண்ணம்தான் பலப்படும். ஒளியியலுக்கு வில்லையும் ஆடியும் வேண்டும். திரவ அமுக்கத்துக்கு வெவ்வேறு உயரத்தில் துளையிட்ட போத்தல் ஒன்றைச் செய்துகாட்டிவிட்டு, பக்கத்தில் இருக்கிற குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். இரணைமடுவாக இருந்தாலும் ஊர்க் குளமாக இருந்தாலும், கட்டின் அடி ஏன் அவ்வளவு அகலம், குளம் நிறைந்திருக்கும்போது துருசால் (மதகால்) தண்ணீர் ஏன் அவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று அங்கேயே கேட்டு, அங்கேயே எழுதச் சொல்லலாம்.